பரியும் அதன் கால் நாணும்

குதிரைக்குத் தமிழில் எத்தனை பெயர்! பரி, புரவி, இவுளி, மா, கலிமா, துரகம், வாசி, கந்துகம், பாடலம், கோடகம் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். அதன் நடையை ஐந்து கதி என்றும், வட்டமாகச் செலுத்தும் ஓட்டத்தைப் பதினெட்டுச் சாரி என்றும் பழைய உரைகாரர் பகுத்துரைப்பர். இவற்றை மாணாக்கர்க்கு நெட்டுருப் பண்ணுவிப்பதையே தொழிலாகக் கொண்டவன் யான். எனினும் அக்குதிரையின் காலில் உண்டாகும் நோவைக் குறிக்க நம் பேச்சு வழக்கில் உள்ள சொற்களை எண்ணப் புகுந்தால், நொண்டுதல், சுளுக்குதல் என்னும் இரண்டுக்கு மேல் எளிதில் நாவில் எழுவதில்லை. இக்குறை மொழியின் குறையன்று. அவ்விலங்கின்மேல் நாம் வைத்த கண்ணின் குறையே என்பது என் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

பிராசீன பாடசாலையில் இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கும் பந்தயக் குதிரையின் காலுக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. கட்டுக்கரைக் குளத்து நீரால் வயல் விளைத்து வாழும் எம்மனோர்க்குக் குதிரைப்பந்தயம் அயலான பொருள்தான். நுவரெலியாவில் 1875-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பந்தயத் திடலில் சித்திரைப் பருவத்தில் குதிரைகள் ஓடுகின்றன. கொழும்பில் 1893-இல் தொடங்கிய திடலிலோ 1950களிலேயே பந்தயம் நின்றுபோயிற்று. இவ்விரண்டும் மன்னார்க் கரையினின்று நெடுந்தொலைவு. ஆயினும் குதிரை இக்கரைக்குப் புதிதன்று. மாதோட்டத் துறைமுகம் மேலைநாட்டு மரக்கலங்கள் வந்து தங்கிய இடம். மன்னார்க் குடாவின் இருகரைகளிலும் அரபு வணிகர் நடமாடினர். மன்னார்த் தீவில் இன்றும் திரியும் கழுதைகளும் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அவ்வணிகர் வழி வந்தன என்பது ஊர் வழக்கு. வடக்கே நெடுந்தீவில் அன்னியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் வெளியில் மேய்கின்றன. நம் வன்னிக் குளக்கட்டுகளிற் காவல் நிற்கும் ஐயனாருக்கு யானையும் குதிரையும் ஊர்தி. ஆகவே எமக்கும் குதிரைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கூறுதல் பொருந்தாது.

இனி, இக்கரையின் குதிரை வரலாற்றில் ஒரு செய்தியை மாணாக்கர் அறிதல் நன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆண்ட நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பை எழுதிய அதே கையால் குதிரை வாணிகத்தையும் எழுதி வைத்தார். அரசன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்கின்றார் அவர். காரணம் என்னை? அவற்றைப் பேணத் தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர் தாமும் குதிரை வைத்தியர் எவரையும் கடல் கடந்து வரவிடுவதில்லை. குதிரைகள் சாகச் சாக அவர்க்கு வாணிகம் பெருகும் என்று காரணம் காட்டுகின்றார். பயணியர் கூற்றில் மிகைபடக் கூறல் உண்டு. எனினும் இதன் சாரம் தள்ளத்தக்கதன்று. திருவாதவூரடிகள் குதிரை வாங்கச் சென்ற கதையை அறியாத தமிழர் இல்லை. பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய நாடு, அக்குதிரையை அறியும் அறிவை வாங்கவில்லை. வாங்கினவன் அறியாமையே விற்றவனுக்கு ஊதியமாயிற்று.

வடமொழியில் இவ்வறிவு இல்லாமற் போகவில்லை. சாலிகோத்திரர் பெயராலும் பாண்டவருள் நகுலன் பெயராலும் அசுவ சாத்திரங்கள் வழங்கின. பிற்றையது ஒன்றைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952-இல் வண்ண ஓவியங்களுடன் அச்சிட்டது. ஆயின் ஏட்டில் இருந்த அறிவு இலாயத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. இன்று அக்கேள்வியை வேறு வடிவிற் கேட்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம். குதிரையின் காலைப் பற்றி உலகம் இப்போது எவ்வளவோ அறிந்துள்ளது. அவ்வறிவு தமிழில் எங்கே?

நிற்க. குதிரையின் முன்காலைச் சிறிது நோக்குவோம். நாம் அதன் முழங்கால் என்று கருதும் மூட்டு உண்மையில் நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழே உள்ளது நமது உள்ளங்கை எலும்பும் நடுவிரலுமே. குதிரை தன் நடுவிரலின் நகத்தின்மேல் நிற்கும் விலங்கு, அந்நகமே குளம்பு. மணிக்கட்டுக்கு ஒப்பான அம்மூட்டுக்குக் கீழே காலை இயக்கும் தசை இல்லை என்றே கூறலாம். தசையெல்லாம் மேலே தோளருகிலும் முன்கையிலும் இருக்க, அவற்றின் வலிமையைக் கீழே கடத்துவன நீண்ட நாண்களே. கால் மெலிந்து கனம் குறைந்திருத்தலால் விரைந்து வீசலாம். அதனாலேயே குதிரை ஓட்டத்திற் சிறந்தது. அவ்வழகிய மெல்லிய காலே அதன் இடுக்கணுக்கும் காரணம்.

கணைக்கால் எலும்பின் பின்புறத்தே தோலுக்கு அணித்தாய் இறங்குவது மேல்மடக்கு நாண். அதற்கு உட்புறமாய் இறங்குவது ஆழ்மடக்கு நாண். எலும்பை ஒட்டிக் கணுமூட்டைத் தாங்கி நிற்பது தொங்கு பிணையம். தசையை எலும்போடு இணைப்பது நாண். எலும்பை எலும்போடு இணைப்பது பிணையம். இவ்விரண்டையும் நம்மவர் நரம்பு என்றே வழங்குவர். கால் நரம்பு பிசகிற்று, கை நரம்பு இழுத்துக்கொண்டது என்பர். பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறித்தலின், இழுத்துக் கட்டப்பட்ட எதனையும் அச்சொல்லாற் கூறுதல் பொருந்தியதே. ஆயின் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வேறு, விசையைக் கடத்தும் நாண் வேறு. பெயர் ஒன்றாய் இருக்கும்வரை மருந்தும் ஒன்றாகவே இருக்கும். எண்ணெய் பூசி உருவிவிட்டு மறுநாள் ஓடவிடுவர். சொற்களைப் பகுத்துரைக்க வேண்டும் என்று பண்டிதன் பிடிவாதம் பிடித்தல் வெறும் இலக்கணச் செருக்கு அன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தசைநாண் என்னும் சொல்லை ஆக்கியோர் நன்கு ஆக்கினர். நாண் வில்லிற் பூட்டப்படுவது. ஓடும் குதிரையின் காலிலும் அது வில்நாணின் தொழிலையே செய்கின்றது. குளம்பு நிலத்தில் ஊன்றுங்கால் கணுமூட்டு கீழ்நோக்கித் தாழும், நாண் நீளும், கால் எழுங்கால் நீண்ட நாண் மீளச் சுருங்கி, தான் வாங்கிய விசையிற் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். குதிரை குறைந்த உழைப்பில் நெடுந்தூரம் ஓடுவதன் மறை இதுவே. இதனை அளந்தோர், குதிரை நடக்குங்கால் அந்நாண் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே நீளும் என்றும், முழுப் பாய்ச்சலில் பன்னிரண்டு முதல் பதினாறு பங்கு வரை நீளும் என்றும் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது அறுந்துபோகும் எல்லையும் இதற்கு மிக அண்மையிலேயே நின்றது. ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரை பாயும்போது ஒற்றை முன்காலின்மேல் இறங்கும் விசை அதன் உடல் எடையின் இரண்டரை மடங்கு. ஒரு தொன்னுக்கு மேல். ஆகவே பந்தயக் குதிரை ஒவ்வோர் ஓட்டத்திலும் அறுபடும் எல்லையை அடுத்தே ஓடுகின்றது என்பது கவிஞர் கற்பனை அன்று, கணக்கு.

இன்னும் ஒன்று. நாண் தான் வாங்கிய விசை முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. எஞ்சியது வெப்பமாய் மாறும். நாணின் நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. வெப்பம் எளிதில் வெளியேறாது. பாயும் குதிரையின் நாண் நடுவில் 45 பாகை செல்சியசு வரை வெப்பம் ஏறுதலை 1990களில் ஆய்வாளர் அளந்து காட்டினர். உயிரணுக்களுக்கு இவ்வெப்பம் இதமானதன்று. இவ்வாறு ஓட்டந்தோறும் சிறுசிறு இழைகள் நலிகின்றன. இளங்குட்டிப் பருவத்தில் நாண் பழக்கத்துக்கேற்ப வலுப்பெறும் இயல்புடையது. குதிரை வளர்ந்து முற்றியபின் அவ்வியல்பு மிகக் குறைந்து விடுகின்றது. எனவே முற்றிய குதிரையை மேலும் மேலும் ஓட்டிப் பழக்கினால் தசை வலுக்கும், நெஞ்சு வலுக்கும். நாண் மட்டும் தேயும். இவ்வேற்றுமையை அறியாமற் செய்யும் பயிற்சி குதிரைக்கே பகையாகின்றது.

இதனால் விளங்குவது யாது? ஓட்டத்தின் நடுவே திடீரென்று நாண் அறுந்தது என்று நாம் கூறும் நிகழ்ச்சி பெரும்பாலும் திடீர் நிகழ்ச்சி அன்று. பல திங்களாய் உள்ளே நடந்துவந்த தேய்வின் இறுதி அதிகாரமே அது. முன்னைய அதிகாரங்களை நாம் வாசிக்கவில்லை, அவ்வளவே. ஆகவே காயத்தைக் கண்டறிதல் என்பது அறுந்த பின் பார்ப்பதன்று, அறுமுன் வாசிப்பது.

அதனை வாசிக்கும் முறை பெரிதும் எளியது. முதற்கருவி கை. நல்ல இலாயங்களில் குதிரைக்காரர் நாள்தோறும் காலையில், ஓட்டத்துக்கு முன்னரே, ஒவ்வொரு காலையும் தொட்டுப் பார்ப்பர். குதிரை நிற்கும்போது பக்கவாட்டில் நின்று நோக்கின், நலமான காலின் பின்விளிம்பு நேர்கோடாய் இறங்கும். அக்கோடு நடுவில் வெளிநோக்கிப் புடைத்து வளைந்திருப்பின் நாண் நலிந்தது என்க. ஆங்கிலேயர் இக்காயத்துக்கு வில் என்னும் சொல்லாலேயே பெயரிட்டனர். நம் மொழியிலோ உறுப்பின் பெயர் நாண். நலமாயிருக்கும்வரை நாணாய் நேர்நின்றது, காயமுற்றபோது வில்லாய் வளைகின்றது. இவ்விரு மொழிப் பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் மாணாக்கன் ஒருபோதும் மறவான். வகுப்பிற் கண்டறிந்த உண்மை இது.

பின்னர்க் காலை மேலே தூக்கி மடித்து, நாண் தளர்ந்திருக்கும் நிலையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அதனை மேலிருந்து கீழ்வரை மெல்ல உருவிப் பார்த்தல் வேண்டும். மூன்று குறிகளைத் தேடுதல் வேண்டும்: வெப்பம், வீக்கம், அழுத்தினால் வெடுக்கென்று காலை இழுக்கும் நோவு. ஒரு காலை மட்டும் பார்த்து முடிவு கூறலாகாது; இரு கால்களையும் ஒப்புநோக்கல் வேண்டும். நேற்றைய நிலையோடு இன்றைய நிலையையும் ஒப்புநோக்கல் வேண்டும். விரல் நுனி அளவான சிறு வெம்மை, முன்னாள் இல்லாத சிறு தடிப்பு, இவையே முதற் செய்தி. பாட பேதம் காண்பவன் ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வாறு முடிவு கூறான், அவ்வாறே என்க.

ஈண்டுப் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குதிரை நொண்டவில்லை, ஆதலின் காயம் இல்லை என்று கருதுவர். இது தவறு. நாணின் நடுவே இழைகள் அறுந்திருந்தும் குதிரை நேராக நடத்தல் உண்டு. கடுங்காயத்திலும் நொண்டல் சில நாளில் மறைந்துவிடும், காயமோ மறையாது. நொண்டல் நின்றது கண்டு ஓடவிடுவோன் பாதி அறுந்த நாணை முழுதும் அறுக்கின்றான். மேலும் குதிரை, கழுதை முதலியன வேட்டையாடும் விலங்குகளுக்கு இரையாய் வாழ்ந்த இனங்கள். நோவை வெளிக்காட்டின் உயிர் போகும் என்னும் இயல்புணர்ச்சி அவற்றுக்கு உண்டு. கழுதை இன்னும் பொறுமையுடையது. அது முகம் வாடி நிற்பதற்குள் நோய் முற்றிவிடும். வாயில்லாப் பிராணி என்று நாம் இரங்கிக் கூறும் தொடரில் ஆழ்ந்த பொருள் உண்டு. அது சொல்லாது என்றால், தொட்டுப் பார்த்து அறியும் கடன் நம்முடையது.

கைக்கு அடுத்த கருவி ஸ்கான். 1980களில் இருந்து மிருக வைத்தியர்கள் மனிதர் செவிக்கு எட்டாத ஒலியலையை நாணுட் செலுத்தி, அதன் உட்படத்தைத் திரையிற் காண்கின்றனர். நலமான நாண் வெண்ணிற இழைகள் நெருங்கிய பரப்பாகவும், அறுந்த இடம் கரிய குழியாகவும் தோன்றும். முதல் நாளிற் சிறிதாகத் தெரியும் குழி ஒரு வாரத்துக்குள் விரிந்து தெரிதல் உண்டு. ஆதலின் ஒருமுறை பார்த்து அமையாமல் மீண்டும் பார்த்தல் வேண்டும் என்பர். காயமுற்ற அன்றே செய்யத்தக்கன ஓட்டத்தை நிறுத்தல், குளிர்நீர் அல்லது பனிக்கட்டியால் வெப்பம் ஆற்றல், அளவாய்க் கட்டிடல், வைத்தியரை அழைத்தல் என்பனவே. உருவிவிடுதல் முதல்நாட் சிகிச்சை அன்று.

ஆறுதற்குக் காலம் எத்துணை? இங்கேதான் மனிதர் பொறுமை சோதிக்கப்படுகின்றது. தோற்காயம் வாரத்தில் ஆறும். எலும்பு முறிவும் சில திங்களிற் பொருந்தும். நாணோ ஒன்பது திங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரை வேண்டி நிற்கும். ஆறிய பின்னும் பழைய இழை திரும்புவதில்லை. அங்கே உருவாவது வடுத் திசு. அது வலிதாயிருக்கலாம், ஆனால் பழைய நெகிழ்ச்சி அதற்கு இல்லை. ஆகவே மீண்டும் ஓடவிடப்படும் குதிரைகளுள் மிகப் பல அதே காலிலோ மற்றைக் காலிலோ திரும்பவும் காயமுறுகின்றன. எலும்பு மச்சையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை நாணிற் செலுத்தும் முறைகள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் கையாளப்படுகின்றன. அவையும் காலத்தைச் சுருக்கும் மந்திரம் அல்ல. படிப்படியான நடைப்பயிற்சியும் காத்திருத்தலுமே இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பு.

பண்டைக் குதிரை வைத்தியர் வேறொரு வழி கண்டனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாணின்மேற் கோடு கோடாகச் சூடு வைத்தனர். ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் நூற்றாண்டுக் கணக்காய் வழங்கிய முறை இது. நம் நாட்டிலும் கால் வீங்கிய மாட்டுக்குச் சூடு வைத்தலைப் பெரியோர் பலர் அறிவர். சூடு வைத்த குதிரைகள் சில மீண்டும் ஓடியதும் உண்மை. அதனால் சூட்டுக்கே புகழ் உண்டாயிற்று. 1980களில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இதனை முறையாகச் சோதித்து, சூட்டினால் நாணுக்கு நன்மை இல்லை என்று காட்டினர். அவ்வாறாயின் முன்னையோர் கண்ட பயன் எங்கிருந்து வந்தது? சூடுபட்ட குதிரையைப் பல திங்கள் ஓட்ட இயலாது. அந்த ஓய்வே அதனைக் குணப்படுத்தியது. நெருப்புக்குக் கொடுத்த புகழ் ஓய்வுக்கு உரியது. மரபு என்பதைத் தலைமேற் கொள்பவன் யான். எனினும் மரபில் எப்பகுதி பயன் தந்தது, எப்பகுதி வெறும் துன்பம் தந்தது என்று பகுத்தறிதலும் மரபைப் போற்றும் முறையே என்பேன்.

ஓட்டம் நின்ற குதிரையின் வாழ்வு முடிந்தது என்று கருதுதலும் பொருந்தாது. கனடா நாட்டு நோர்தேன் டான்சர் என்னும் குதிரை 1964-இல் அமெரிக்காவின் கென்டக்கி டேர்பியில் வென்று, அவ்வாண்டிலேயே நாண் காயத்தால் ஓட்டத்தினின்று ஓய்ந்தது. பின்னர் அதன் வழியில் தோன்றிய குதிரைகள் உலகெங்கும் வென்றன. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தந்தைக் குதிரைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. சீபிஸ்கட் என்னும் மற்றொன்று 1939-இல் தொங்கு பிணையம் காயமுற்று, ஓராண்டு ஓய்ந்து, 1940-இல் மீண்டு வந்து வென்றது. முன்னது நாண், பின்னது பிணையம். இரண்டுக்கும் பொதுவானது, உரிய காலத்தில் ஓட்டத்தை நிறுத்திய அறிவு. இவை பெயர் பெற்ற குதிரைகள். பெயர் பெறாத குதிரையின் காலிலும் அதே நாண்தான் இருக்கின்றது. அதனை நிறுத்தும் அறிவுதான் பலரிடம் இருப்பதில்லை.

இனி மறுப்பார் கூற்றை நோக்குவோம். குதிரைப்பந்தயம் செல்வர் சூதாட்டம். அதன் காயத்தை ஏழை நாட்டுத் தமிழர் ஏன் படிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பந்தயத்தையே ஒழித்தால் காயமும் ஒழியும் என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றில் அறம் உண்டு. அதனை யான் எள்ளவில்லை. ஆயின் ஒழியும் நாள்வரை ஓடும் குதிரையை யார் காப்பது? முன்னவர்க்கு யான் கூறும் விடை வேறு. குதிரைத் திடல் தொலைவில் இருக்கலாம். சவாரித் திடல் நம் ஊரிலேயே இருக்கின்றது.

மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மாட்டுவண்டிச் சவாரி நம் உழவர் கொண்டாட்டம். சோடி மாடுகளைப் பிள்ளைபோல் வளர்த்து, கழுவி, சலங்கை கட்டி, சனம் ஆர்ப்பரிக்கத் திடலில் விடுவர். அக்கொண்டாட்டத்தை இழிவுபடுத்துதல் என் நோக்கம் அன்று; வெற்றிபெற்ற மாட்டின் கழுத்தைக் கட்டி அழும் உழவனை யான் பலமுறை கண்டவன். மாட்டின் காலிலும் மடக்கு நாண்கள் உள. குளம்பு பிளவுபட்டிருத்தலின் நாணும் கீழே கிளைத்துச் செல்கின்றது. பாயும் மாட்டின் காலுக்கும் வெப்பம், வீக்கம், நோவு என்னும் அம்மூன்று குறிகளே முதற்சாட்சி. ஆயின் திடலில் இறக்குமுன் கால் தொட்டுப் பார்க்கும் வழக்கம் எத்தனை பேரிடம் உண்டு? சென்ற கிழமை நொண்டிய மாடு இன்று நேராக நடக்கின்றது என்றால், அதுவே போதிய சான்று என்று கொள்கின்றோம். போதாததற்கு வாலைத் திருகுதலும் கேட்டியால் அடித்தலும் உண்டு. நோவினால் மெதுவாகும் மாட்டைச் சோம்பல் மாடு என்று எண்ணி அடிப்பது எத்துணைக் கொடுமை! அது சோம்பலா, நோவா என்று அறிதற்கு ஒரு நிமிடம் குனிந்து காலைத் தொட்டாற் போதுமன்றோ?

பல நாடுகளின் குதிரைப்பந்தய விதிகளில், வலியை மறைக்கும் மருந்து பந்தய நாளிற் குதிரையின் உடலில் இருத்தல் ஆகாது; இருப்பின் வெற்றி பறிக்கப்படும், பயிற்றுவோன் தண்டிக்கப்படுவான். இதன் நோக்கம் பந்தயம் கட்டியோரைக் காப்பது மட்டும் அன்று. நோவு என்பது காலைக் காக்கும் காவலாளி. காவலாளியை உறங்க வைத்துவிட்டு ஓட்டினால், விலங்கு தன் காலைத் தானே முறித்துக்கொள்ளும். மேலே இருப்பவனும் வீழ்வான். பந்தயத் திடல்களில் ஓட்டத்துக்கு முன் மிருக வைத்தியர் குதிரைகளை நடக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. செல்வர் சூதாட்டம் என்று நாம் இகழும் இடத்திலேயே இத்துணை விதி இருக்க, உழவர் திருநாள் என்று நாம் போற்றும் இடத்தில் அவ்விதியில் ஒன்றேனும் இருத்தல் வேண்டாவா?

மன்னார் நகரத் தெருக்களில் அலையும் கழுதைகளையும் ஈண்டு நினைத்தல் தகும். ஒரு காலத்தில் மூட்டை சுமந்தவை; வாகனங்கள் வந்தபின் கைவிடப்பட்டவை. குப்பையைத் தின்று, வண்டிகளில் மோதுண்டு, கால் விந்தி நிற்கும் கழுதையைக் காணாமல் அந்நகரைக் கடத்தல் அரிது. அவற்றுக்கென ஒரு மருத்துவ நிலையமும் அங்கே நிறுவப்பட்டது. அதனைச் செய்தோர் பாராட்டுக்கு உரியர். எனினும் வைத்தியர் ஒருவர் நூறு கால்களைப் பார்ப்பதினும், ஊரார் நூறு பேர் ஆளுக்கொரு காலைப் பார்த்தல் பயன் மிகுதி. அதற்கு வேண்டுவது பணமன்று, அறிவும் சொல்லும்.

ஆகவே ஆசிரியர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் என் விண்ணப்பம் இது. கால்நடைகளின் கால் நோய் பற்றி எளிய தமிழில் ஒரு சிறு கைந்நூல் வேண்டும். நாண் எது, பிணையம் எது, நரம்பு எது என்று படத்துடன் பிரித்துக் காட்டுதல் வேண்டும். வைத்தியர் பொருளைத் தரட்டும். பண்டிதர் சொல்லைத் தருவோம். உழவர் வாயில் ஏற்கெனவே வழங்கும் நல்ல சொற்களைத் தேடித் திரட்டுதல் மாணாக்கர்க்கு ஏற்ற பணி. நிகண்டில் இல்லாத சொல் மாட்டுப்பட்டியில் இருத்தல் கூடும். சவாரி நடத்தும் சங்கத்தார், ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு மாட்டின் நான்கு கால்களையும் மிருக வைத்தியர் ஒருவரோ பழகிய பெரியவர் ஒருவரோ தொட்டுப் பார்த்துச் சொல்லுதல் வேண்டும் என்று ஒரு விதி வகுக்கட்டும். வெம்மையோ வீக்கமோ கண்ட மாடு அன்று ஓடலாகாது. அதன் சொந்தக்காரனுக்கு அவமானமும் கூடாது. நிறுத்தியவனைப் பாராட்டும் வழக்கம் உண்டாகுமாயின், மறைப்பவன் தானே குறைவான்.

கட்டுக்கரைப் பக்கத்து வயல்வெளியில் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலார் அகழ்ந்து, பழங்காலச் சுடுமண் உருவங்கள் பலவற்றை எடுத்தனர். குயவன் கையில் உருவான விலங்கின் கால் ஒடிந்தால், அவன் மறுநாளே புதுக்கால் வனைந்து ஒட்டிவிடுவான். உயிருள்ள விலங்கின் நாணுக்கு அவ்வாறு மாற்று இல்லை. ஒன்றரை ஆண்டு காத்திருந்தாலும் பழைய நாண் வருவதில்லை. இவ்வுண்மையை மாட்டுச் சொந்தக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். அடுத்த தைப்பொங்கற் சவாரிக்குச் சலங்கை கட்டக் குனியும் கை, கட்டுமுன் அக்காலின் பின்புறத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்குமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடியதாகக் கொள்வேன்.